முப்பத்தெட்டு மில்லிமீட்டர் கழுத்து

தப்பு தன்னிடம் இல்லை, கழுத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்குக் கோமதிசங்கர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தார். வாய் கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை யோசித்துப் பார்த்தார். அப்போதும் தப்பு கழுத்தில்தான் இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் நிம்மதியாகக் காப்பி குடித்தார்.

அவர் குறை சொன்னது தன் கழுத்தை அல்ல, பாஸ் கிட்டாரின் கழுத்தை. நாலு தடித்த கம்பிகள் ஓடுகிற நீளமான மரம் அது. இடது கை அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வர வேண்டும். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம் போய்க்கொண்டே இருக்குமே, அது இருக்கிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள், தப்பினால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தம் இதிலிருந்துதான் வருகிறது.

பகலில் கோமதிசங்கர் ஓர் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளர். நாற்காலியிலிருந்து பினாயில் வரை அந்த அலுவலகம் எதை வாங்கினாலும் டெண்டர் எழுதுவது அவர்தான். கோயில் கொடைத் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் சாயங்காலத்தில் வேறு ஆள். சிவசைலம் நடத்துகிற 'பொருநைத் தென்றல்' இன்னிசைக் குழுவில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாஸ் வாசிப்பார். கண்ணை மூடுவது ரசனையால் அல்ல. சிவசைலம் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து முறைப்பதைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதால்.

போன மாதம் ஒரு கொடையில், வேகமான பாட்டொன்றில், கோமதிசங்கர் அரைத் தாளம் பின்தங்கினார். அதைச் சரிக்கட்ட ஓடியதில் அரைத் தாளம் முன்னால் போய்விட்டார். மேடைக்கு முன் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் மேளத்துக்கும் பாதிப் பேர் பாஸுக்கும் கால் வைத்து ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டார்கள். வேனில் சாமான் ஏற்றும்போது சிவசைலம் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“வே கோமதி, உம்ம பாஸு டவுன் பஸ்ஸ விட்டுட்டுப் பின்னாலயே ஓடிவாரவன் மாதிரில்லா வருது. சீவலப்பேரிக் கொடை வரைக்கும் பாப்பேன். அங்கனயும் இப்படித்தான்னா, நான் கீபோர்டுல எடது கையால சமாளிச்சுக்கிடுதேன். நீரு மைக்கப் பிடிச்சு நன்கொடை வாசியும்.”

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நன்கொடை தந்தவர்களின் பெயர்களை இனிஷியல் தவறாமல் வாசிப்பது என்பது அந்தக் குழுவில் ஒரு வேலை. பாடக் குரல் போனவர்களுக்கும் வாசிக்க விரல் போனவர்களுக்கும் கொடுப்பது. அதற்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல். மேடையிலும் பெயர்ப் பட்டியல் என்றால் மனிதன் எதற்காகக் கறுப்புச் சட்டை போடுவது?

வீட்டில் பயிற்சி செய்துதான் பார்த்தார். மகாராஜநகரில் அவர்கள் வீட்டுக் கூடமும் சமையல்கட்டும் ஒட்டியவை. கூடத்தில் இவர் வாசிக்க, உள்ளே மனைவி விஜயஸ்ரீ காய் நறுக்குவாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கத்தி டக் டக் டக் என்று சீராகப் போகும். எந்த இடத்தில் இவர் தாளம் தப்புகிறாரோ அந்த இடத்தில் கத்தி நின்றுவிடும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். இவர் மறுபடி பிடித்துக்கொண்டதும் கத்தி தொடரும். அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே கழுத்து. இணையத்தில் நாலு நாள் தேடியதில் உலகம் முழுக்க இப்படிப்பட்ட அறிஞர்கள் இருப்பது தெரிந்தது. வாசிப்பதைவிடக் கழுத்தின் அகலத்தைப் பற்றிப் பேசுவதில் அவர்களுக்கு அதிக நாட்டம். சிலருக்கு அகலக் கழுத்து, சிலருக்கு ஒல்லிக் கழுத்து, பின்பக்கம் யூ மாதிரி உருண்டது, சி மாதிரி வளைந்தது, வி மாதிரி நடுவில் முதுகெலும்பு தட்டுவது என்று அளவும் வடிவமும் பிரித்து வைத்திருந்தார்கள். கோமதிசங்கருக்குத் தன் இனத்தாரைக் கண்ட மகிழ்ச்சி.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஞானசிகாமணியிடம் கெஞ்சி ஒரு வெர்னியர் காலிப்பர் இரவல் வாங்கி வந்தார். இரும்புத் துண்டுகளைத் துல்லியமாக அளக்கிற கருவி. முதலில் தன் பாஸை அளந்தார். தலைப்பக்கம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம், பருமனும் கூடுதல், பின்பக்கம் யூ. பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பாஸ் நாற்பது, பின்பக்கம் வி. ஆராதனை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் காலிப்பரோடு நின்ற இவரை அவர்கள் ரிப்பேர்க்காரர் என்று நினைத்து, ஒலிபெருக்கியையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மூன்றாவது, முருகன்குறிச்சி இசைக்கருவிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கறுப்பு பாஸ். அகலம் முப்பத்தெட்டு. பருமன், கழுத்தின் குறுக்கே பதித்த முதல் கட்டையில் இருபது, பன்னிரண்டாவது கட்டையில் இருபத்திரண்டு. பின்பக்கம் மென்மையான சி. கையில் பிடித்தபோது அவர் விரல்கள் நாலும் தானாகவே நடந்தன. ஒரு வாரத்தில் எட்டுத் தடவை போய்ப் பிடித்துப் பார்த்தார். ஒன்பதாவது தடவை கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்.

விஜயஸ்ரீக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று சமையல்கட்டுக்குப் போய், ஒரு கையில் சப்பாத்திக் கட்டையும் மறு கையில் முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டார். நம்மிடம் இருப்பது இந்தக் கட்டை, கடையில் இருப்பது இந்த முருங்கைக்காய், இப்போது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று சொல்லி, முருங்கைக்காயை அவர் கையிலிருந்து வாங்கிச் சாம்பாருக்கு நறுக்கினாள். பிறகு சொன்னாள்: “வாங்கணும்னா கோப்புல எழுதிக் கொண்டாங்க. நம்ம வீட்டு முறை அதான.”

அந்த முறையைக் கொண்டுவந்தவர் கோமதிசங்கர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் விஜயஸ்ரீ மாவு அரைக்க ஒரு கிரைண்டர் கேட்டாள். வீடு என்றாலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று அவர் ஒரு முறையை வகுத்தார். வேண்டுகிறவர் என்ன வேண்டும் என்று விதிகளை எழுத வேண்டும். மற்றவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். விதிக்குப் பொருந்துவதில் எது விலை குறைவோ அதை வாங்க வேண்டும். விஜயஸ்ரீ நம்பி எழுதினாள். இரண்டு லிட்டர், கல் மூன்று, சாய்க்கிற வசதி. அவ்வளவையும் நிறைவுசெய்கிற ஒரு கிரைண்டரைக் கோமதிசங்கர் எங்கேயோ ஒரு விடுதிச் சாமான்கள் ஏலத்தில் பிடித்து வந்தார். ஓடவிட்டால் அது கல்லுடைக்கிற சத்தம் போட்டது. அதோடு நடக்கவும் செய்தது. சுவரோரம் வைத்து உளுந்தைப் போட்டால், உளுந்து பொங்கி வருகிறபோது வாசற்படிக்கு வந்திருக்கும். விஜயஸ்ரீ ஒரு காலை அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் அரைப்பாள்.

அன்றைக்கு அவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அவருக்கு மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. “சத்தம் வரக்கூடாதுன்னு எழுதியிருக்கியா? நடக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கியா? எழுதினதுதான் விதி, விஜயா. எழுதாததப் பெறவு கேக்கப்படாது.” அன்றைக்கு அவர் சிரித்தார். மூன்று வருஷமாக இட்லியும் சாப்பிட்டார்.

டெண்டர் எழுதுவதில் இரண்டு வகை உண்டு. என்ன வேண்டும் என்று தெரியாமல் எழுதுவது ஒன்று. எது வேண்டும் என்று முன்பே முடிவுபண்ணிவிட்டு, அதைத் தவிர வேறொன்றும் உள்ளே நுழைய முடியாதபடி எழுதுவது இன்னொன்று. மாப்பிள்ளையைப் பேசிவைத்துவிட்டு அவருக்குப் பொருந்துகிற மாதிரி ஜாதகம் எழுதுவது போல. கோமதிசங்கர் இரண்டாவதில் கைதேர்ந்தவர். முருகன்குறிச்சிக் கறுப்பு பாஸை மனதில் நிறுத்தி ஒவ்வொரு விதியாகச் செதுக்கினார். கழுத்து அகலம் முப்பத்தெட்டு, கூடவோ குறையவோ கூடாது. பருமன் இருபது, இருபத்திரண்டு. பின்பக்க வளைவு சி, இணைத்துள்ள அட்டை மாதிரியோடு பொருந்த வேண்டும். கம்பி நாலு. எடை நாலு கிலோவுக்குள். அந்த அட்டையைக் கடையிலேயே உட்கார்ந்து வெட்டி எடுத்திருந்தார். திருநெல்வேலி ஜில்லாவில் இந்த அளவுக்கு இன்னொரு பாஸ் இருக்காது என்பது அவர் நம்பிக்கை.

கோப்பு முழுமையாக வேண்டும் என்றால் பழைய பொருள் உதவாது என்று ஒரு சான்றும் வேண்டும். அதையும் அவரே எழுதினார்: 'இதன் கழுத்து மனிதக் கையால் வாசிக்கத் தக்கதன்று. பழுது நீக்கவும் இயலாது. கழிவு செய்து அப்புறப்படுத்தப் பரிந்துரைக்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி. அப்புறப்படுத்துகிற எண்ணமெல்லாம் இல்லை. பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டால் வீட்டில் இரண்டு பாஸ் ஆயிற்று என்று திட்டம்.

விஜயஸ்ரீ கோப்பை இரண்டு தடவை படித்தாள். விதிகள் தெளிவாக இருப்பதாகப் பாராட்டினாள். ஒரே ஒரு திருத்தம் கேட்டாள்.

“யார் வேணும்னாலும் கொண்டாரலாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்னு போடுங்க. ஒத்த ஆளு டெண்டர் செல்லாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

கோமதிசங்கருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் இவளுக்கும் நாலு விஷயம் பிடிபட்டிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, அந்த வரியையும் சேர்த்தார். அவள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாள். புதன்கிழமை காலிப்பரைக் காணவில்லை என்று தேடியபோது, அது அவளுடைய சாப்பாட்டுப் பையில் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவைகள் நடத்துகிறாளாம். அதற்கும் அவர் பெருமைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் அனுமதி போட்டுவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தார். கடைக்காரர் கறுப்பு பாஸைக் காட்டிவிட்டுப் போக ஆளோடு அனுப்பியிருந்தார். இவர் அதைச் சோபாவில் துண்டு விரித்துக் கிடத்தினார். நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. கோமதிசங்கர் கறுப்புச் சட்டையைத் தேய்த்து வைக்கலாமா என்று யோசித்தார். ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது விஜயஸ்ரீ ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தோளில் ரோஸ் நிறப் பை. பைக்குள் ரோஸ் நிற பாஸ். அதன் உடம்பில் வரைந்த ஒரு பூனைக்குட்டி கண்ணடித்துக்கொண்டிருந்தது. அந்த பாஸ் வழக்கமானதைவிட ஒரு சாண் குட்டை.

அவளோடு வேலை பார்க்கும் மேலப்பாளையம் சுபைதா பேகம் டீச்சர் வீட்டில் இருந்ததாம். டீச்சரின் தம்பி துபாயிலிருந்து அக்கா மகளுக்கு கிட்டார் என்று நினைத்து வாங்கி அனுப்பியது. பிள்ளை கம்பியை எண்ணிப் பார்த்து, மாமா ரெண்டு கம்பியைக் குறைத்து வாங்கிவிட்டார் என்று அழுது, தொடமாட்டேன் என்றுவிட்டது. இரண்டு வருஷமாகப் பீரோ மேலே கிடந்தது. டீச்சர் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்களாம். விஜயஸ்ரீதான், ரசீது வேண்டும் என்பதற்காக, நூறு ரூபாய் கொடுத்திருந்தாள்.

கோமதிசங்கர் முதலில் சிரித்தார். அளந்துவிட்டுச் சிரியுங்கள் என்றாள். அளந்தார். அகலம் முப்பத்தெட்டு. காலிப்பரை உதறி மறுபடி வைத்தார். முப்பத்தெட்டுதான். பருமன் இருபது, இருபத்திரண்டு. அட்டையைப் பின்பக்கம் வைத்தார். விரலுக்கு மோதிரம் போலப் பொருந்தியது. எடை பார்க்கும் இயந்திரம் மூன்று கிலோகூடக் காட்டவில்லை.

“இது குட்டைல்லா விஜயா. சின்னப் பிள்ளைக வாசிக்கது.”

“நீளம்னு எங்கன எழுதியிருக்கு?”

“அத எழுதணுமா? பாஸுன்னா இவ்வளவு நீளம்னு எல்லாருக்கும் தெரியும்.”

“ரோஸ் நிறம் கூடாதுன்னு எழுதியிருக்கா? பூனை கூடாதுன்னு எழுதியிருக்கா?”

அவர் கோப்பைப் புரட்டினார். தான் எழுதிய கோப்பில் ஒரு ஓட்டை இருக்காதா என்று ஒரு கண்காணிப்பாளர் ஆசையோடு தேடியது அதுவே முதல் தடவையாக இருக்கும். ஓட்டை இல்லை.

“எழுதினதுதான் விதி,” என்றாள் விஜயஸ்ரீ. “எழுதாததப் பெறவு கேக்கப்படாதுல்லா.”

உள்ளே கிரைண்டர் சும்மாதான் இருந்தது. ஆனால் கோமதிசங்கருக்கு அது வாசற்படி வரை நடந்து வந்து நின்று வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. கடை ஆள் கறுப்பு பாஸை எடுத்துக்கொண்டு போனான். சரி, பழையதை வைத்தே சமாளிக்கலாம் என்று, அதைச் செருகி வைத்திருந்த பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். சுவர்தான் தட்டுப்பட்டது. கழிவு செய்த பொருளை வீட்டில் வைத்திருந்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அதைக் காலையிலேயே அப்புறப்படுத்திவிட்டதாக விஜயஸ்ரீ சொன்னாள். எங்கே என்று கேட்கத் திரும்பியவர் கோப்பிலிருந்த சான்றைப் பார்த்தார். தன் கையெழுத்து அவர் கண்முன் நின்றது.

மூன்று வாரம் ரோஸ் பாஸில் பயிற்சி. உண்மையைச் சொல்ல வேண்டும்: கழுத்து அருமையாக இருந்தது. அவர் நினைத்ததைவிட ஒரு படி மேலே. கை வலிக்கவில்லை, விரல் தவிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய இடத்தில் சமையல்கட்டில் கத்தி நின்றது.

சீவலப்பேரிக் கொடையில் மேடைக்கு முன்னால் இவ்வளவு பிள்ளைகள் உட்கார்ந்து குழு இதற்குமுன் பார்த்ததில்லை. பூனைக்குட்டி பாஸ், பூனைக்குட்டி பாஸ் என்று ஒரே கும்மாளம். கோமதிசங்கர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் இரண்டு பாட்டு தப்பித்தன. மூன்றாவது பாட்டு, வேகமானது. முதலில் அரைத் தாளம் பின்னால், அப்புறம் அரைத் தாளம் முன்னால். ஆடியவர்கள் மோதிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தபோது சிவசைலம் முறைக்கவில்லை. பாவம் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முறைத்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது.

சிவசைலம் மைக்கை அவர் கையில் கொடுத்தார். பிறகு ஓரத்தில் திரும்பி, “முத்துராணி, எடும்மா” என்றார்.

முத்துராணி அந்த ஊர்ப் பெண். டவுனில் துணிக்கடையில் வேலை. நாலு வருஷமாகக் குழுவில் கோரஸ் பாடிக்கொண்டு, கிலுக்கு குலுக்கிக்கொண்டு, கோமதிசங்கருக்குப் பக்கத்திலேயே நின்றவள். அவள் கை அவர் கையில் பாதி இருக்கும். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பாஸை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதன் அடிப்பக்கம் மரம் பெயர்ந்த ஒரு பொளிவு. வீட்டில் அந்த நடக்கிற கிரைண்டர் வந்து இடித்த பொளிவு என்று கோமதிசங்கருக்கு உடனே தெரிந்துவிட்டது. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். மனிதக் கையால் வாசிக்கத் தக்கதன்று என்று எழுதிக் கொடுத்தது.

அதே மூன்றாவது பாட்டை அவள் திரும்ப எடுத்தாள். அந்தச் சின்ன விரல்கள் அந்தச் சப்பாத்திக் கட்டைக் கழுத்தில் அலட்டிக்கொள்ளாமல் போய்வந்தன. ஆடியவர்கள் ஒரே தாளத்துக்குக் கால் வைத்து ஆடினார்கள். எப்படியம்மா கற்றுக்கொண்டாய் என்று பாட்டு முடிந்ததும் கேட்டார். “உங்க பக்கத்துலயேதான நின்னேன் அண்ணாச்சி. நீங்க எங்கன தப்புவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த எடத்துல மட்டும் கவனமா இருந்துக்கிட்டேன்” என்றாள் மரியாதையாக. கோமதிசங்கருக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாக இருந்தது. அதைவிட மோசம், பாட்டு நன்றாக இருந்தது. பிறகு நன்கொடைப் பட்டியலைப் பிரித்து, கனத்த குரலில், இனிஷியல் தவறாமல் வாசித்தார். ஊர்ப் பெரியவர்கள் இவ்வளவு திருத்தமாக யாரும் வாசித்ததில்லை என்று மாலை போட்டார்கள்.

மறுநாள் காலை எழுந்து வந்து, மாலையை ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்தார். வீட்டில் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை, விஜயஸ்ரீ மாவு அரைக்கிற நாள். பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. சமையல்கட்டில் எட்டிப் பார்த்தார். மேடைமேல் புத்தம்புது கிரைண்டர். இருந்த இடத்தைவிட்டு நகராமல், முணுமுணுப்புக்கூட இல்லாமல் உளுந்தை அரைத்துக்கொண்டிருந்தது. விஜயஸ்ரீ இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு ஏது பணம் என்று கேட்டார். கழிவு செய்த பொருளைச் சிவசைலம் அண்ணாச்சி வாங்கிக்கொண்ட பணம் என்று, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். முறைப்படி கோப்பும் போட்டிருக்கிறாளாம். உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி என்றாள்.

கோமதிசங்கர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். ஒரு கண்காணிப்பாளராகவாவது மிஞ்சுவோம் என்று கேட்டார்: “என்னென்ன விதி எழுதியிருக்க?”

“ஒண்ணே ஒண்ணுதான். சத்தம் வரக்கூடாது.” தாளை மடித்துவிட்டு, கூடத்தில் சாத்தியிருந்த ரோஸ் பாஸை ஒரு பார்வை பார்த்தாள். “வீட்டுல இருக்க எல்லாத்துக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்துப் போடுங்க.”